கடலடியின் வயதைச் சொன்ன மலைக்கற்கள்

கேரளக் கரையிலிருந்து மேற்கே லட்சத்தீவைக் கடந்து இன்னும் வெகுதூரம் போனால், அரபிக் கடலுக்கு அடியில் ஒரு மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. கார்ல்ஸ்பர்க் முகடு என்று அதற்குப் பெயர். 1928க்கும் 1930க்கும் இடையில் உலகைச் சுற்றிவந்த ‘டானா’ என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பல் அதைக் கண்டறிந்தது. பயணத்துக்குப் பணம் தந்த அறக்கட்டளையின் பெயர் முகட்டுக்கு வந்துவிட்டது. முகட்டுக்கு இந்தப் பக்கம் இந்தியத் தட்டு. அந்தப் பக்கம் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சுமக்கும் சோமாலியத் தட்டு. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலக, நடுவே விழும் பிளவில் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி உறைகிறது. உறைந்தது மறுபடி பிளந்து இரு பக்கமும் ஒதுங்குகிறது. இப்படித்தான் அந்தக் கடலின் தரை ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாகிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்குக் கண்டங்களின் நகர்வைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடியும். ஆனால் கடல்தரை என்ன வேகத்தில் விரிகிறது என்பது 1966லேயே தெரிந்துவிட்டது. அப்போது ஜிபிஎஸ் கிடையாது. கடலடியில் முளையடித்து நாடா பிடித்தவரும் கிடையாது. வேகம் தெரிய வேண்டுமானால் தூரமும் காலமும் தெரிய வேண்டும். தூரத்தைக் கப்பல்கள் அளந்து கொடுத்தன. காலம் வந்த இடம் வேறு: கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை, ஹவாய்த் தீவுகளின் சரிவுகள், நியூ மெக்சிகோவில் அவிந்து கிடந்த ஓர் எரிமலைவாய். கடல்தரையின் வயதைச் சொன்ன கற்கள் நிலத்தில், காற்றுபட உறைந்தவை. தான் கண்ணால் காண முடியாத ஒன்றுக்கு, அதோடு நேரடித் தொடர்பே இல்லாத ஒன்றைக் கொண்டு மனிதன் வயது சொன்னான். அது சரியாகவும் இருந்தது. கவனித்துப் பார்க்க வேண்டிய காரியம் இது.

கதை கார்ல்ஸ்பர்க் முகட்டிலேயே தொடங்குகிறது. 1962 நவம்பரில் ‘ஓவன்’ என்ற பிரிட்டிஷ் கடற்படை அளவைக் கப்பலில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டிரம்மண்ட் மேத்யூஸ் அந்த முகட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க் காந்தப்புலத்தை அளந்தார். அளவுகளை அலசும் வேலை அவருடைய ஆய்வு மாணவர் ஃபிரெட் வைனுக்கு வந்தது. அங்கே இருந்த இரண்டு கடலடிக் குன்றுகளில் ஒன்று இன்றைய பூமியின் காந்தத் திசையிலும் மற்றொன்று அதற்கு நேர் எதிர்த் திசையிலும் காந்தமேறியிருப்பதை அவர் கண்டார். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் வரிக்குதிரையின் கோடுகளைப் போலக் காந்தப் பட்டைகள் ஓடுவது சில ஆண்டுகளுக்கு முன்பே வரைபடத்தில் ஏறியிருந்தது. ஏன் அப்படி என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. வைனும் மேத்யூஸும் 1963 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் விடை சொன்னார்கள். முகட்டில் பாறைக்குழம்பு உறையும்போது அந்த நேரத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. பூமியின் காந்தம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகிறது. தரை விரிய விரிய, நேர்ப்பட்டையும் எதிர்ப்பட்டையும் மாறி மாறி முகட்டின் இருபுறமும் ஒதுங்குகின்றன. கனடாவின் லாரன்ஸ் மோர்லி இதே கருத்தைத் தனியாகக் கண்டு அதே ஆண்டில் எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு இதழ்கள் அதைத் திருப்பியனுப்பின.

அழகான கருத்து. ஆனால் அன்று அதை ஏற்றவர்கள் குறைவு. அது நிற்பதற்கு இரண்டு கால்கள் தேவைப்பட்டன. பூமியின் காந்தம் உண்மையிலேயே தலைகீழாகிறதா? ஆகிறதென்றால் எப்போதெல்லாம்?

முதல் கேள்வி பழையது. 1906ல் பிரான்சின் பெர்னார் புருன், எரிமலைக்குழம்பு சுட்ட களிமண்ணில் எதிர்த்திசைக் காந்தத்தைக் கண்டார். 1929ல் ஜப்பானின் மோட்டோனோரி மட்சுயாமா, இளம் பாறைகள் நேராகவும் அவற்றுக்கு மூத்தவை எதிராகவும் இருப்பதைக் காட்டினார். நிலவியலர்கள் நம்பியிருக்கலாம். ஆனால் 1950களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஹருணா எரிமலையில் கிடைத்த ஒரு பாறை எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. அதைச் சூடாக்கிக் குளிரவிட்டால், சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கு எதிர்த்திசையில் தானாகவே காந்தமேறியது. அப்படியானால் எதிர்த்திசைப் பாறைகள் எல்லாமே இப்படித் தங்கள் கனிமத்தின் குணத்தால் தலைகீழானவையாக இருக்கலாமே. பூமி ஏன் தலைகீழாக வேண்டும்?

இந்தச் சிக்கலை அவிழ்க்க வயது ஒன்றுதான் வழி. கனிமத்தின் குணம்தான் காரணம் என்றால், ஒரே வயதுள்ள பாறைகள் ஓரிடத்தில் நேராகவும் இன்னோரிடத்தில் எதிராகவும் இருக்கும். பூமியின் காந்தம்தான் மாறியது என்றால், உலகின் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் ஒரே வயதுப் பாறைகள் ஒரே திசையைக் காட்டும். கேள்வி இவ்வளவு தெளிவாக நின்றபோது, பதில் சொல்ல ஒரு வாயு காத்திருந்தது.

பொட்டாசியம் ஏறக்குறைய எல்லாப் பாறையிலும் உண்டு. பொட்டாசிய அணுக்களில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை 40 என்ற நிறை எண்ணுள்ள கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள். சிதையும் நூறு அணுக்களில் 89 கால்சியமாகும். மீதி 11 ஆர்கானாகும். கால்சியம் பாறையில் எங்கும் நிறைந்திருப்பதால், புதிதாகப் பிறந்தது எது, பழையது எது என்று பிரிக்க முடியாது. ஆர்கான் எதோடும் சேராத வாயு. பாறை குழம்பாக இருக்கும்வரை அது வெளியேறிவிடும். உறைந்தபின் பிறக்கும் ஆர்கான் படிகத்துக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே எரிமலைக்குழம்பு உறைந்த நொடியிலிருந்து கணக்கு சுழியத்தில் தொடங்குகிறது. பாறையில் எவ்வளவு பொட்டாசியம், எவ்வளவு ஆர்கான் என்று அளந்தால் வயது வந்துவிடும்.

சொல்ல எளிது. கோடிக்கணக்கான ஆண்டு மூத்த பாறைக்கு இது பெரிய கஷ்டமில்லை. காந்தம் எப்போது மாறியது என்று காண வேண்டுமென்றால் பத்து லட்சம் ஆண்டுகள் மட்டுமே ஆன இளம் பாறைகளை அளக்க வேண்டும். அங்கேதான் உயிர் போகும். நூற்றுக்கு ஒரு பங்கு பொட்டாசியம் உள்ள ஒரு பாறையில் 10 கிராம் எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம் ஆண்டுகளில் அதற்குள் சேரும் ஆர்கான், ஒரு கன மில்லிமீட்டர் சாதாரணக் காற்றில் இருக்கும் ஆர்கானில் இருபதில் ஒரு பங்குகூட வராது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான்தான். ஒரு கடுகுக்குள் அடங்கும் காற்று கருவிக்குள் எங்கோ ஒட்டியிருந்தால் போதும், பத்து லட்சம் ஆண்டுகளின் கணக்கு மூழ்கிப்போகும்.

எனவே வேலையில் பாதி, காற்றை விரட்டும் வேலைதான். பாறைத்துணுக்குகளை ஒரு மூசையில் இட்டு, கண்ணாடிக் குழாய்களாலான வெற்றிட அமைப்புக்குள் வைப்பார்கள். கண்ணாடிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் காற்று அகல வேண்டும் என்று அமைப்பு முழுவதையும் மணிக்கணக்கில் சுடவைத்து, பம்பு வைத்து இழுப்பார்கள். பிறகு பாறையை உருக்குவார்கள். வெளிவரும் வாயுவில் நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன் எல்லாம் கலந்திருக்கும். சூடான டைட்டானியத்தின் மேல் அதைச் செலுத்தினால், வினைபுரியக்கூடியதையெல்லாம் டைட்டானியம் விழுங்கிவிடும். மந்த வாயுக்கள் மட்டும் மிஞ்சும். அளவு தெரிந்த ஆர்கான் 38 அதில் கலக்கப்பட்டிருக்கும். ஒப்பிட்டுக் கணக்கிட அது உதவும். மிச்சத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் விட்டு, 36, 38, 40 என்று மூன்று நிறைகளையும் எண்ணுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் காற்று நுழைந்திருக்கத்தான் செய்யும். ஆனால் காற்றின் ஆர்கானில் 36க்கும் 40க்கும் மாறாத விகிதம் உண்டு. ஆகவே 36ஐப் பார்த்து, நுழைந்த காற்றின் பங்கைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது பாறையினுடையது.

இளம் பாறைகளை இந்த நுட்பத்தோடு அளக்கும் கலை கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்தது. ஜான் ரெனால்ட்ஸ் வடிவமைத்த ஸ்பெக்ட்ரோமீட்டர் மிகச் சிறிய அளவு வாயுவையும் எண்ணக்கூடியதாக இருந்தது. கார்னிஸ் கர்ட்டிஸும் ஜாக் எவர்ண்டனும் அதைக் கொண்டு, தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் லீக்கி தம்பதியர் கண்டெடுத்த ஆதிமனித மண்டையோட்டுக்கு 17.5 லட்சம் ஆண்டு என்று 1961ல் வயது சொல்லி உலகத்தைத் திகைக்க வைத்தவர்கள். அங்கே பயின்ற பிரென்ட் டால்ரிம்பிள் 1963ல் மென்லோ பார்க்கில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் கூடத்துக்கு வந்தார். பாறைக்காந்தம் தெரிந்த ஆலன் காக்ஸும் ரிச்சர்ட் டோயலும் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அதே பெர்க்லியில் பழகிய இன்னொருவர், இயன் மெக்டூகல், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போய் கேன்பெராவில் ஒரு கூடம் அமைத்தார். ஒரே கேள்வியை இரண்டு கண்டங்களிலிருந்து இரண்டு குழுக்கள் துரத்தின.

1963 ஜூனில் காக்ஸ், டோயல், டால்ரிம்பிள் மூவரும் முதல் கால அட்டவணையை வெளியிட்டார்கள். கையில் இருந்தவை வெகு சில பாறைகள். காந்தம் சீரான இடைவெளியில் மாறுகிறது என்றே முதலில் தோன்றியது. சில மாதங்களில் மெக்டூகலும் டான் டார்லிங்கும் ஹவாய்ப் பாறைகளைக் கொண்டு தங்கள் அட்டவணையைத் தந்தார்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை. இந்தக் குழு ஒரு கட்டுரை, அந்தக் குழு ஒரு கட்டுரை என்று அடுத்த மூன்று ஆண்டுகள் போட்டியாகவே போயின. பாறைகள் கூடக்கூட, சீரான இடைவெளி என்ற எண்ணம் உடைந்தது. நீண்ட காலங்களுக்கு நடுவே சிறு சிறு குறுக்கீடுகள் தென்பட்டன. அதே சமயம் ஹருணாவின் சந்தேகமும் தீர்ந்தது: ஹவாயானாலும் கலிபோர்னியாவானாலும் ஒரே வயதுப் பாறை ஒரே திசையைத்தான் காட்டியது.

சீரில்லாமை தோல்வி போலத் தோன்றினாலும் உண்மையில் அதுதான் கொடையானது. எல்லாப் பட்டைகளும் ஒரே அகலத்தில் இருந்தால் கடலடியில் எது எந்தப் பட்டை என்று எப்படி அடையாளம் காண்பது? நீளமும் குட்டையுமாக மாறி மாறி வருவதால்தான் அந்த வரிசை ஒரு கைரேகையாகப் பயன்பட்டது.

1965ல் வைனுக்கு ஒரு தொல்லை இருந்தது. வான்கூவர் தீவுக்கு அப்பால் உள்ள ஹுவான் டி ஃபூக்கா முகட்டின் பட்டைகளை அன்றைய கால அட்டவணையோடு பொருத்தினால் தரை ஒரு காலத்தில் வேகமாகவும் ஒரு காலத்தில் மெதுவாகவும் விரிந்ததாகக் கணக்கு வந்தது. ஒரு பட்டை வேறு கூடுதலாக இருந்தது. அட்டவணையில் அதற்கு இடமில்லை. அந்த ஆண்டு நவம்பரில் கான்சஸ் நகரில் நடந்த நிலவியல் மாநாட்டில் அவர் டால்ரிம்பிளைச் சந்தித்தார். நியூ மெக்சிகோவின் வாயெஸ் எரிமலைவாயில் ரயோலைட் குமிழ்க்குன்றுகளை அளந்து, சுமார் 9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காந்தம் கொஞ்ச காலம் நேராக இருந்துவிட்டு மறுபடி தலைகீழானதைத் தாங்கள் கண்டிருப்பதாக டால்ரிம்பிள் சொன்னார். பக்கத்தில் ஓடும் ஓடையின் பெயரால் அதற்கு ஹராமியோ நிகழ்வு என்று பெயரிட்டிருந்தார்கள். கட்டுரை 1966 மே மாதம்தான் வெளிவந்தது. வைனுக்குக் கூடுதல் பட்டை எங்கே போய்ப் பொருந்தும் என்பது உடனே புரிந்தது. அதைச் செருகியதும் வேகத்தின் ஏற்ற இறக்கம் மறைந்தது. ஹுவான் டி ஃபூக்கா முகடு ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு 2.9 சென்டிமீட்டர் வீதம் ஒரே சீராக விரிந்திருந்தது.

மலைநாட்டில் உறைந்த ஒரு குன்றின் படிகத்துக்குள் இருந்த ஆர்கானுக்கும் பசிபிக் தரையில் ஓடும் ஒரு மெல்லிய பட்டைக்கும் இடையே எந்தப் பாறையும் பாலம் போடவில்லை. இரண்டையும் சேர்த்தது, ஒரே நேரத்தில் பூமி முழுவதையும் தொட்ட காந்தப்புலம். குன்றில் உறைந்த குழம்பு அந்தத் திசையைப் பதித்துக்கொண்டது. கடலில் உறைந்ததும் அதையே பதித்துக்கொண்டது. குன்று தன் வயதையும் சொல்லக்கூடியதாக இருந்தது. கடல்பாறையால் அது முடியவில்லை. முடிந்தது முடியாததற்காகப் பேசியது.

1966ல் நியூயார்க்கின் லாமான்ட் ஆய்வகத்தில் வால்டர் பிட்மன், ‘எல்டானின்’ கப்பல் தென் பசிபிக்கில் எடுத்துவந்த காந்தப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் பத்தொன்பதாம் பயணத்தின் பதிவு நிலவியலில் புகழ்பெற்றது. முகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு ஏற்ற இறக்கங்கள் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று பொருந்தின. ஹராமியோ தன் இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்குச் சுமார் நாலரை சென்டிமீட்டர். அதுவரை கண்டங்களின் நகர்வை ஏற்காத பலர் அந்த ஒரு தாளின் முன் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

கடலடிப் பாறையையே தோண்டியெடுத்து நேராக வயது பார்த்தால் என்ன என்ற கேள்வி வாசகருக்கு எழும். பார்த்தார்கள். நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டில் பொட்டாசியம் மிகக் குறைவு. உள்ள கொஞ்சத்தையும் கடல்நீர் ஊடுருவி மாற்றிவிடும். அதைவிடப் பெரிய இடையூறு அழுத்தம். ஆயிரக்கணக்கான மீட்டர் நீருக்கடியில் குழம்பு தலையணை வடிவில் பிதுங்கி, மேல்தோல் சட்டென்று கண்ணாடியாகிவிடுகிறது. வெளியேற வேண்டிய பழைய ஆர்கான் உள்ளேயே சிறைப்படுகிறது. 1968ல் டால்ரிம்பிளும் ஜேம்ஸ் மூரும் ஹவாயின் கிலவேயா எரிமலை கடலுக்கடியில் கக்கிய மிக இளம் பாறைகளை அளந்தார்கள். ஆழத்தில் எடுத்த சில மாதிரிகளின் கண்ணாடித்தோல் கோடிக்கணக்கான ஆண்டு வயது காட்டியது. நிலத்துப் பாறைகளைக் கொண்டு கால அட்டவணையைக் கட்டிய அதே மனிதர், கடலடிப் பாறை இந்த முறைக்கு ஏன் ஒத்துவராது என்பதையும் காட்டினார்.

அட்டவணை நிலத்தில் சுமார் 35 லட்சம் ஆண்டு வரைதான் எட்டியது. அதற்கு மேல் பொட்டாசியம் ஆர்கான் முறையின் பிழை, குறுகிய காந்தக் காலங்களைவிடப் பெரிதாகிவிடும். லாமான்டில் ஜேம்ஸ் ஹைர்ட்ஸ்லரும் சகாக்களும் 1968ல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். தென் அட்லாண்டிக் ஒரே வேகத்தில் விரிந்தது என்று வைத்துக்கொண்டு, நிலம் தந்த அந்தச் சிறு அளவுகோலை சுமார் 8 கோடி ஆண்டு வரை நீட்டினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ‘குளோமார் சேலஞ்சர்’ துளையிடும் கப்பல் செனகலின் டக்காரிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குப் போகும் வழியில் கடல்தரையைத் துளைத்தது. பசால்ட்டுக்குச் சற்று மேலே படிந்த சேற்றில் இருந்த நுண்ணுயிர்ப் புதைபடிவங்களின் வயது, முகட்டிலிருந்து தூரம் கூடக்கூடச் சீராகக் கூடியது. ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். நீட்டிய அளவுகோல் நின்றது.

இந்தியாவின் பயணமும் இந்தக் கணக்கில்தான் வெளிப்பட்டது. இலங்கைக்குத் தெற்கே விரியும் மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையின் பட்டைகளையும் கார்ல்ஸ்பர்க் முகட்டின் இருபுறமும் உள்ளவற்றையும் கொண்டு டேன் மெக்கன்சியும் ஜான் ஸ்க்ளேட்டரும் 1971ல் இந்தியப் பெருங்கடலின் வரலாற்றை எழுதினார்கள். சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் அதிகமாக வடக்கே விரைந்தது. ஆசியாவோடு மோதத் தொடங்கியபின், சுமார் ஐந்து கோடி ஆண்டு வாக்கில், வேகம் சட்டென்று குறைந்தது. அகலமான பட்டைகள் குறுகுவதை இன்றும் வரைபடத்தில் பார்க்கலாம். கடல் பட்டைகள் கைவிடும் இடத்தில் நிலத்து எரிமலைகள் மறுபடி உதவுகின்றன. உடுப்பிக்கு அருகே மால்பே கடற்கரையிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரி தீவுகளில் தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறைகள் ஒன்பது கோடி ஆண்டுக்குச் சற்று முன்பின்னானவை. மடகாஸ்கரின் எரிமலைப் பாறைகள் பலவும் அதே காலத்தவை. இரண்டு நிலங்களும் பிரிந்த காலம் அது.

காலக்கணக்கு முதல் நாளிலிருந்தே பிழையில்லாமல் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. காந்தம் கடைசியாக மாறியது 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று 1966ல் வைத்தார்கள். 1979ல் அது 7.3 லட்சமானது. 1990ல் நிக்கலஸ் ஷேக்கிள்டனும் சகாக்களும் கடல் படிவுகளில் பதிந்த பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களை எண்ணி, 7.8 லட்சம் என்றார்கள். அதற்குள் ஆர்கான் முறையும் முன்னேறியிருந்தது. பாறையை அணு உலையில் நியூட்ரான்களுக்கு ஆட்படுத்தி, பொட்டாசியத்தின் ஒரு பகுதியையே ஆர்கான் 39ஆக மாற்றி, படிப்படியாகச் சூடாக்கி அளக்கும் முறை வந்திருந்தது. எங்கே ஆர்கான் கசிந்தது, எங்கே கூடுதலாகச் சேர்ந்தது என்பது அதில் புலப்படும். 1992ல் வாயெஸ் எரிமலைவாயின் குன்றுகளை அந்த முறையில் திரும்ப அளந்து, வயதைக் கூட்ட வேண்டும் என்று எழுதிய இருவரில் ஒருவர் மெக்டூகல். முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த அட்டவணைக்காகப் போட்டியிட்டவர், அதைத் திருத்தவும் முன்னால் நின்றார்.

வயது கூடினால் வேகம் குறைய வேண்டும். கண்டங்களின் நகர்வை நேரடியாக அளந்தவர்களுக்கு, தட்டுகள் கடல் பட்டைகள் சொன்னதைவிடச் சற்று மெதுவாகவே நகர்வதாகப் பட்டுக்கொண்டிருந்தது. 1994ல் சார்லஸ் டிமெட்ஸும் சகாக்களும் உலகத் தட்டுகளின் வேகங்கள் எல்லாவற்றையும் புதிய காலக்கணக்கின்படி 0.9562ஆல் பெருக்கினார்கள். இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொண்டது. தொலைதூரக் குவேசார்களின் ரேடியோ அலைகளையும் செயற்கைக்கோள்களையும் கொண்டு ஒருசில ஆண்டுகளில் அளந்த வேகமும், முப்பது லட்சம் ஆண்டுகளின் சராசரி வேகமும் ஏறக்குறைய ஒன்றாயின.

கடல்தரைக்குத் தன் வாயால் வயது சொல்ல இப்போது ஓரளவு வழி கிடைத்திருக்கிறது. தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் முகட்டில் அட்லாண்டிஸ் மேடு என்ற இடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு எடுத்த காப்ரோ பாறைகளில் சிர்கான் என்ற சிறு படிகங்கள் கிடைக்கின்றன. அவற்றில் உள்ள யுரேனியமும் ஈயமும் 1.2 கோடி ஆண்டை ஒட்டிய வயதைத் தருகின்றன. பெரும்பாலானவை காந்தப் பட்டைகளோடு ஒத்துப்போகின்றன. சில சிர்கான்கள் மட்டும் தாம் கிடக்கும் பட்டையைவிட மூத்தவையாக இருக்கின்றன. முகட்டை எட்டுவதற்கு முன்பே, கீழே எங்கோ அவை உறையத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது ஒரு விளக்கம். அது சரியென்றால் மெதுவாக விரியும் முகடுகளில் புதிய தரை முகட்டின் பிளவில் மட்டுமே பிறப்பதில்லை. அடியில், குளிர்ந்த பாறைக்குள்ளும் அதன் ஒரு பங்கு முன்கூட்டியே உருவாகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான் இப்போது அளக்கப்படுகிறது.